தூர் ஸீனாய்: துளி நீரைப் பங்கிட்டு வாழும் மலை

 

ஸீனாய் மலை என்றதும் நமது உள்ளத்தில் முதலில் தோன்றுபவர் நபி மூஸா (அலைஹிஸ்ஸலாம்) அவர்களே. அவர்கள் தமது இறைவனுடன் உரையாடிய இடமாகவும், நாற்பது இரவுகள் தங்கியிருந்து தவ்ராத்தைப் பெற்றுக்கொண்ட இடமாகவும் இம்மலையை நாம் அறிவோம். அல்குர்ஆனின் ஓர் அத்தியாயத்துக்கு ‘அத்தூர்’ என்றே பெயர் சூட்டப்பட்டுள்ளது. ‘அத்தீன்’ அத்தியாயத்திலே அத்தியும் ஸைத்தூனும் கூறப்பட்டதை அடுத்து இம்மலையின் மீது சத்தியமிடப்படுகின்றது. ‘அல்முஃமினூன்’ அத்தியாயத்திலே எண்ணெய் தரும் ஒரு மரம் இம்மலையோடு இணைத்துப் பேசப்படுகின்றது.

மரமும் கனியும் ஒரு மலையோடு சேர்த்து நினைவூட்டப்பட்டிருக்கையில், அம்மலையில் இன்று என்னென்ன வளர்கின்றன, மழையே அரிதான அந்தப் பாலையில் அவை எவ்வாறு உயிர் தரிக்கின்றன என்று நம்மில் எத்தனை பேர் வினவியிருக்கின்றோம்? மலைகள் எவ்வாறு நாட்டப்பட்டுள்ளன என்பதை உற்றுநோக்குமாறு ‘அல்காஷியா’ அத்தியாயம் நம்மைத் தூண்டுகின்றது. அந்த அழைப்பை ஏற்று இன்று தூர் ஸீனாயின் பாறையையும் நீரையும் செடியையும் பிராணியையும், அவற்றோடு கலந்து வாழும் மனிதர்களையும் சற்று விரிவாக நோக்குவோம்.

மலை தோன்றிய வரலாறு

ஸீனாய் தீபகற்பம் எகிப்து நாட்டின் கிழக்கெல்லையில், ஆபிரிக்காவும் ஆசியாவும் சந்திக்கும் இடத்தில் அமைந்துள்ளது. அதன் மேற்கே ஸுவைஸ் வளைகுடாவும், கிழக்கே அகபா வளைகுடாவும், தெற்கே செங்கடலும் உள்ளன. தீபகற்பத்தின் தென்பாகம் முழுவதும் செந்நிறக் கருங்கல் மலைகளால் நிறைந்தது. அவற்றுள் ஜபல் காத்தரீனா 2,600 மீற்றருக்கும் அதிகமான உயரமுடையது. எகிப்தின் மிக உயர்ந்த சிகரம் அதுவே. அதன் அயலில் 2,285 மீற்றர் உயரத்தில் நிற்பது ஜபல் மூஸா. நபி மூஸா (அலை) அவர்கள் ஏறிய மலை இதுவே என்று பல நூற்றாண்டுகளாக மக்கள் கருதி வருகின்றனர்.

இப்பாறைகள் மிகவும் பழைமையானவை. பூமியின் ஆழத்தில் உருகிய நிலையில் இருந்த பாறைக்குழம்பு மெல்ல மெல்லக் குளிர்ந்து இறுகியதால் இவை உண்டாயின. இது நிகழ்ந்து ஏறத்தாழ 60 கோடி ஆண்டுகள் கடந்துவிட்டதாக நிலவியலாளர் கணிக்கின்றனர். அதன்பின் இவற்றின் மேல் மணற்கற்களும் சுண்ணாம்புக் கற்களும் படை படையாகப் படிந்தன. ஏறத்தாழ 3 கோடி ஆண்டுகளுக்கு முன்னர் ஆபிரிக்க நிலத்தட்டும் அறேபிய நிலத்தட்டும் ஒன்றைவிட்டு ஒன்று விலகத் தொடங்கின. அப்பிளவில் செங்கடல் உருவானது. அதன் இரு கரைகளும் மேலெழுந்தன. மேலெழுந்த நிலத்தின் மென்மையான படைகளை மழையும் காற்றும் அரித்துச் செல்ல, அடியில் மறைந்திருந்த பழைய கருங்கல் வெளிப்பட்டது. நாம் இன்று காணும் ஸீனாயின் உயர் மலைகள் இவ்வாறு வெளிப்பட்டவையே.

இச்செம்பாறைகளின் ஊடே கரிய நிறத்தில் நீண்ட கோடுகள் ஓடுவதைக் காணலாம். பாறையில் வெடிப்புகள் ஏற்பட்ட காலத்தில், கீழிருந்து வேறொரு பாறைக்குழம்பு அவற்றினுள் புகுந்து இறுகியதன் அடையாளங்கள் அவை. பார்ப்பதற்குச் சாதாரணக் கோடுகளாகத் தோன்றும் இவை மலைவாழ் மக்களின் நீருக்கே ஆதாரமாக அமைகின்றன என்பதைப் பின்னர் காண்போம்.

கடற்கரை முதல் சிகரம் வரை

ஸீனாயின் தென்கிழக்குக் கரையிலிருந்து ஜபல் காத்தரீனாவின் உச்சிவரை நேர்கோட்டில் அளந்தால் நூறு கிலோமீற்றரும் இல்லை. ஆயினும் அந்தக் குறுகிய தூரத்துக்குள் பல்வேறு சூழற்றொகுதிகள் படிக்கட்டுகள் போல் அடுக்கப்பட்டிருக்கின்றன.

கடலோரத்தில் நப்க் என்னும் இடத்திலே கண்டல் தாவரங்கள் உப்பு நீரில் வேரூன்றி நிற்கின்றன. அதற்கு மேலே உப்புப் படிந்த மணல்வெளி. அதனையும் தாண்டினால் ‘வாதீ’ எனப்படும் வரண்ட ஆற்றுப் பள்ளத்தாக்குகள் தொடங்குகின்றன. அங்கே நெடுந்தொலைவுக்கு வேரைச் செலுத்தி நீரைத் தேடும் வேல மரங்கள் குடை விரித்தாற்போல் நிற்கின்றன. நமது வீட்டு முற்றத்து முருங்கையின் இனத்தைச் சேர்ந்த பாலை முருங்கையும் இப்பகுதிக்குரியதே. அதன் விதைகளிலிருந்து எண்ணெய் எடுக்கும் வழக்கம் பண்டுதொட்டு உண்டு. மலையின் மேற்குப் புறத்தில் வாதீ ஃபைரான் என்னும் பள்ளத்தாக்கு பேரீச்சந்தோப்பாகவே காட்சி தருகின்றது.

இன்னும் மேலே ஏற ஏற வேல மரங்கள் மறைந்துவிடுகின்றன. அறபியில் ‘ஷீஹ்’ எனப்படும் சாம்பல் நிற வாசனைப் புதர்கள் மேட்டுநிலங்களை நிறைக்கின்றன. 1,600 மீற்றருக்கு மேலே காட்டு அத்தி, முட்செடியாகிய ஹவ்தோன், காட்டு ரோஜா, ஸஃதர் வகைகள், மஞ்சட் பூப் பூக்கும் மருந்துச் செடிகள் ஆகியவை பாறையிடுக்குகளில் தலைகாட்டுகின்றன. இம்மலைப் பிரதேசத்தில் 400க்கும் மேற்பட்ட தாவர இனங்கள் பதிவாகியுள்ளன. அவற்றுள் சில உலகின் வேறெந்த மூலையிலும் காணப்படாதவை.

இந்த மாற்றத்துக்கான காரணம் உயரமே. ஒவ்வோர் ஆயிரம் மீற்றருக்கும் வெப்பநிலை ஏறத்தாழ 6 அல்லது 7 பாகை செல்சியஸ் குறைகின்றது. கடற்கரையில் மனிதர் வியர்த்துக் களைக்கும் அதே நாளில் சிகரத்தில் குளிர்காற்று வீசும். குளிர்காலத்தில் உச்சியில் பனி பெய்து வெண்மையாகப் படிவதும் உண்டு. வெப்பம் குறைந்த இடத்தில் நீர் ஆவியாவதும் குறையும். ஆகவே கீழே ஒரு நாளில் உலர்ந்துபோகும் ஈரம் மேலே பல நாட்கள் தங்குகின்றது.

பாறை நீரைப் பங்கிடும் விதம்

இப்பிரதேசத்தின் உயர்நிலங்களில் ஆண்டுக்குப் பெய்யும் மழை சராசரியாக 50 மில்லிமீற்றர் அளவே. அதுவும் ஒழுங்காகப் பெய்வதில்லை. சில வருடங்களில் முற்றாகவே பொய்த்துவிடும். வேறு சில வருடங்களில் ஒரே நாளில் கொட்டித் தீர்த்துப் பெருவெள்ளமாகப் பாயும். இந்தச் சொற்ப மழையை நம்பி நூற்றுக்கணக்கான தாவர இனங்கள் எவ்வாறு வாழ்கின்றன?

இதற்கான விடை பாறையின் தன்மையிலேயே உள்ளது. மழுமழுப்பான கருங்கல் நீரை உறிஞ்சுவதில்லை. தன்மீது விழுந்த மழையைத் தன்னிடம் வைத்துக்கொள்ளாமல் அப்படியே வழிய விடுகின்றது. பரந்த பாறைச் சரிவொன்றில் விழுந்த மழை முழுவதும் ஓடிவந்து ஒரு சிறிய வெடிப்பில் சேர்கின்றது. அந்த வெடிப்பினுள் இருக்கும் கைப்பிடியளவு மண்ணுக்கு இவ்வகையில் கிடைக்கும் நீர், வானிலிருந்து நேரடியாக விழுவதைவிடப் பன்மடங்காகும். எனவேதான் வெட்டவெளியில் புல்லும் முளைக்காத இம்மலையில் பாறையிடுக்கில் அத்தி மரம் தழைக்கின்றது.

பனிக்கும் இங்கே முக்கியமான பணி உண்டு. மழை வேகமாக ஓடிவிடும். பனியோ மெல்ல உருகித் துளித்துளியாக இறங்கி ஆழத்தைச் சென்றடையும். அவ்வாறு இறங்கிய நீர் உக்கிப்போன கருங்கற் சரளையினுள்ளும் வெடிப்புகளினுள்ளும் நகர்ந்து செல்கையில், நாம் முன்னர் குறிப்பிட்ட கரிய பாறைச் சுவர்கள் குறுக்கே நின்று நிலத்தடி அணைக்கட்டுகள் போல அதனைத் தடுத்து நிறுத்துகின்றன. மலைவாழ் மக்கள் இந்த உண்மையை அனுபவத்தால் அறிந்து, அத்தகைய இடங்களில் கிணறுகளைத் தோண்டினர்.

சரிவு எத்திசையை நோக்கியது என்பதும் இங்கே வாழ்வைத் தீர்மானிக்கின்றது. தெற்கு நோக்கிய சரிவில் வெயில் நேரடியாக விழும். வடக்கு நோக்கிய சரிவும் ஆழமான பிளவுகளும் நிழலில் இருப்பதால் ஈரம் அங்கே நீண்ட நாள் தங்கும். ஒரே மலையின் ஒரு பக்கம் வெறுமையாகவும் மறு பக்கம் பசுமையாகவும் இருப்பதற்கு இதுவே காரணம்.

பழைய காலத்தின் எச்சங்கள்

இன்று நாம் காணும் காலநிலை எப்போதும் இவ்வாறே இருந்ததில்லை. ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன்னர் பூமி இன்றையதைவிடக் குளிராக இருந்தது. அக்காலத்தில் குளிரை விரும்பும் தாவரங்கள் இம்மலைகளின் தாழ்வான இடங்களிலும் பரவி வாழ வாய்ப்பிருந்தது. அதன் பின்னர் வந்த ஈரமான காலமொன்றில், ஏறத்தாழ 11,000 முதல் 5,000 ஆண்டுகளுக்கு முன்னர்வரை, ஸஹாராப் பாலைவனத்திலேயே புல்வெளிகளும் ஏரிகளும் இருந்தன. பிறகு இப்பிரதேசங்கள் படிப்படியாக வரண்டன. நிலம் வரள வரள, குளிரையும் ஈரத்தையும் நாடும் செடிகள் தாழ்வான இடங்களில் அழிந்து, உயரமான பாறையிடுக்குகளில் மட்டும் எஞ்சின. பாலைவனம் என்னும் கடலின் நடுவே மலையுச்சி அவற்றுக்குத் தீவாயிற்று.

இதற்குச் சிறந்த சான்று ‘ஸீனாய் பிரிமுலா’ என்னும் சிறிய மஞ்சட் பூச்செடியாகும். இதன் நெருங்கிய உறவுச் செடிகள் எங்கே உள்ளன தெரியுமா? யெமன், எதியோப்பியா, துருக்கி, ஈரான், ஆப்கானிஸ்தான், இமயமலை ஆகிய தொலைவான மலைகளில் ஒவ்வொன்றாகச் சிதறிக் கிடக்கின்றன. ஒரு காலத்தில் பரந்திருந்த ஒரு குடும்பம், நிலம் வரண்டபோது ஒன்றையொன்று காண இயலாத தூரத்துக்குப் பிரிந்துவிட்டது எனலாம். ஸீனாயில் எஞ்சிய இச்செடி, நீர் கசியும் பாறைச் சுவர்களிலும் நிழல் படர்ந்த குகை வாயில்களிலும் ஒரு சில இடங்களில் மாத்திரமே வளர்கின்றது. உலகம் முழுவதிலும் இயற்கையாக வளரும் இதன் முதிர்ந்த செடிகளை எண்ணினால் சில நூறுகளைத் தாண்டா. ஒரு கசிவு வற்றிவிட்டால் அதனை நம்பிய கூட்டம் முழுவதும் அற்றுப்போகும்.

பிராணிகளின் நிலையும் இத்தகையதே. வளைந்த பெரிய கொம்புகளையுடைய மலையாடு செங்குத்தான பாறைகளில் அச்சமின்றி ஏறித் திரிகின்றது. அறபியில் ‘வப்ர்’ எனப்படும் முயலளவான பிராணி பாறைப் பொந்துகளில் கூட்டமாக வாழ்கின்றது. இளஞ்சிவப்பு நிறமுள்ள ஸீனாய்க் குருவி கூட்டங்கூட்டமாக நீர்நிலையைத் தேடி வருகின்றது. ஆனால் ஒரு காலத்தில் இம்மலைகளில் உலாவிய சிறுத்தை 20 ஆம் நூற்றாண்டில் அற்றுப்போய்விட்டது. அதனைப் பிடிப்பதற்காக முன்னோர் கல்லால் கட்டிய பொறிகள் மட்டும் பள்ளத்தாக்குகளில் இன்னும் நிற்கின்றன.

ஒரு செடியும் ஒரு வண்ணத்துப்பூச்சியும் ஓர் எறும்பும்

உயிர்கள் ஒன்றையொன்று எந்த அளவுக்குச் சார்ந்துள்ளன என்பதை விளக்க ஓர் உதாரணம் போதும். உலகின் மிகச்சிறிய வண்ணத்துப்பூச்சிகளுள் ஒன்று ஸீனாயின் இம்மலைகளில் வாழ்கின்றது. நீல நிறமான அது நமது கட்டைவிரல் நகத்தின்மீது அமரக்கூடிய அளவினது. உலகில் வேறெங்கும் அது இல்லை.

அதன் புழு உண்பது ஒரே ஒரு செடியின் மொட்டையும் பூவையும் மட்டுமே. அச்செடி ஸஃதர் இனத்தைச் சேர்ந்த ஸீனாய்த் தைம் ஆகும். அதுவும் உயரமான சரிவுகளில், மண் தங்கியுள்ள சிறு சிறு திட்டுகளிலேயே வளர்கின்றது. பெண் பூச்சி மொட்டுகளின் மீது முட்டையிடும். வளர்ந்த பூச்சியின் ஆயுள் சில நாட்களே; அந்நாட்களிலும் தான் பிறந்த திட்டைவிட்டு அது அதிகம் விலகுவதில்லை. புழு ஒருவகை இனிய நீரைச் சுரக்கின்றது. அதனை உண்ணும் எறும்புகள் அப்புழுவைப் பகைவரிடமிருந்து காக்கின்றன. ஆண்டுக்கு ஒரு தலைமுறை மாத்திரமே. பூ மலரும் காலமும் புழு பொரிக்கும் காலமும் பொருந்தி வந்தால்தான் அடுத்த ஆண்டு அவ்வினம் இருக்கும்.

பாறை, பனி, மண், செடி, எறும்பு, பூச்சி என்று ஒவ்வொன்றும் மற்றொன்றின்மீது நிற்கும் இந்த ஒழுங்கைத்தான் அல்குர்ஆன் ‘மீஸான்’ என்னும் சொல்லால் நமக்கு உணர்த்துகின்றது. தராசின் ஒரு தட்டில் சிறிதளவு எடுத்தாலும் மறு தட்டு அசையும் அல்லவா?

2005 ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வு இப்பூச்சியின் எதிர்காலத்தைக் கணித்தது. மேய்ச்சலும் செடி பறிப்பும் கட்டுக்குள் இருந்தாலும், பூமி வெப்பமடைவது தொடர்ந்தால் இவ்வினம் அழியும் ஆபத்து பெரிதும் உயரும் என்று அது எச்சரித்தது. காரணம் தெளிவானது. கீழே வெப்பம் கூடக்கூடச் செடி மேலே ஏற வேண்டும். செடியைத் தொடர்ந்து பூச்சியும் ஏற வேண்டும். சிகரத்தை அடைந்த பின்னர் ஏறுவதற்குப் படி இல்லை.

மலைவாசிகளின் தோட்டமும் உடன்படிக்கையும்

இம்மலைகளில் ஜபாலிய்யா என்னும் கோத்திரத்தார் வாழ்கின்றனர். அப்பெயரின் பொருளே மலைவாசிகள் என்பதாகும். 6 ஆம் நூற்றாண்டில் பைஸாந்தியப் பேரரசன் ஜஸ்டினியன் மலையடிவாரத்தில் கட்டிய கிறிஸ்தவ மடாலயத்தைக் காப்பதற்காக அனுப்பப்பட்டவர்களின் சந்ததியினர் தாம் என்பது அவர்களின் மரபுவழிச் செய்தி. பின்னர் அவர்கள் இஸ்லாத்தைத் தழுவினர். அம்மடாலயத்தின் மதிலுக்குள்ளேயே ஃபாத்திமிய்யர் காலத்துப் பள்ளிவாசல் ஒன்று இன்றும் உள்ளது.

ஜபாலிய்யாக்கள் பள்ளத்தாக்குகளில் கல் மதில் சூழ்ந்த பழத்தோட்டங்களை அமைத்துள்ளனர். இவை பல நூறு உண்டு. வெள்ளம் பாயும் வழியில் மதிலெழுப்பி, அது சுமந்து வரும் மண்ணையும் நீரையும் தடுத்து, கிணறு தோண்டி, பாதாம், அப்ரிகொட், அத்தி, ஸைத்தூன், மாதுளை, திராட்சை, சீமை மாதுளை ஆகியவற்றை வளர்க்கின்றனர். உறுதியான மரத்தில் இனிய கனி தரும் கிளையை ஒட்டும் கலை அவர்களிடம் தந்தையிடமிருந்து மகனுக்குக் கைமாறி வந்தது. இத்தோட்டங்களை ஆராய்ந்தவர்கள் வியப்பான ஓர் உண்மையைக் கண்டனர். வெளியேயுள்ள வெறும் நிலத்தைவிட மதிலுக்குள்ளேதான் காட்டுச்செடி வகைகளும், மகரந்தம் சுமக்கும் பூச்சிகளும் அதிகமாக இருந்தன. கண்டம் விட்டுக் கண்டம் பறக்கும் பறவைகளும் இங்கே இறங்கி இளைப்பாறிச் செல்கின்றன. மனிதனின் கை பட்டால் இயற்கை கெடும் என்று பொதுவாகச் சொல்லப்படுகின்றது. அந்தக் கை அளவறிந்து உழைக்குமாயின் இயற்கை செழிக்கவும் செய்யும் என்பதற்கு இத்தோட்டங்களே சாட்சி.

அவர்களிடம் இன்னொரு மரபும் இருந்தது. அதன் பெயர் ‘ஹில்ஃப்’, அதாவது உடன்படிக்கை. வசந்த காலத்தில் செடிகள் தளிர்த்துப் பூத்து விதை உதிர்க்கும்வரை உயர் மலைகளில் ஆடு மேய்ப்பதில்லை என்று கோத்திரங்கள் ஒன்றுகூடி உறுதி செய்துகொண்டன. மீறியவர் கோத்திரத்தாரின் முன் பதில் சொல்ல வேண்டும். பசியோடு நிற்கும் ஆட்டின் முன்னே பசுமையான சரிவு தெரிகின்றது, காவலுக்கு எவருமில்லை, ஆயினும் மேய்ப்பவர் ஆட்டைத் திருப்பிக்கொண்டு போகின்றார். எழுதப்படாத அந்தச் சட்டமே இம்மலையின் பசுமையைத் தலைமுறை தலைமுறையாகக் காத்தது.

ஹிமா என்னும் இஸ்லாமிய மரபு

இந்த உடன்படிக்கையைப் படிக்கும்போது நமது மார்க்கத்தின் ‘ஹிமா’ மரபு நினைவுக்கு வருகின்றது. ஹிமா என்றால் பாதுகாக்கப்பட்ட மேய்ச்சல் நிலம். அறியாமைக் காலத்தில் பலமுள்ள தலைவர்கள் நல்ல நிலங்களைத் தமக்கென ஒதுக்கிக்கொண்டு ஏழைகளை விரட்டினர். நபி (ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம்) அவர்கள் அந்தத் தனியுரிமையை ஒழித்து, பொது நலனுக்காக மட்டுமே நிலம் பாதுகாக்கப்படலாம் என்ற நிலையை ஏற்படுத்தினார்கள். மதீனாவுக்கு அருகே அந்நகீஃ என்னும் இடத்தை அவ்வாறு பாதுகாத்தார்கள். மதீனா நகரையே ஹரமாக அறிவித்து அதன் மரங்களை வெட்டுவதைத் தடுத்தார்கள்.

கலீஃபா உமர் (ரழியல்லாஹு அன்ஹு) அவர்கள் அர்ரபதா என்னும் இடத்தை ஹிமாவாக்கினார்கள். ஹிமாவின் பொறுப்பாளருக்கு அவர்கள் வழங்கிய அறிவுரை ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியுள்ளது. சில ஒட்டகங்களும் சில ஆடுகளும் மாத்திரம் உடைய ஏழைகளை உள்ளே அனுமதிக்குமாறும், உஸ்மான் (ரழி), அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரழி) போன்ற செல்வந்தர்களின் மந்தைகளைத் தவிர்க்குமாறும் அவர்கள் பணித்தார்கள். செல்வந்தரின் மந்தை அழிந்தால் அவருக்குத் தோட்டமும் பயிரும் இருக்கும். ஏழையின் மந்தை அழிந்தால் அவர் குழந்தைகளோடு வந்து நிற்பார் என்பதே அவர்கள் கூறிய காரணத்தின் சாரம். நிலத்தையும் காத்து, நிலத்தை நம்பிய பலவீனரையும் காக்கும் இந்த நீதியை நாம் மறந்துவிடலாகாது.

இன்றைய ஆபத்துகள்

1988 ஆம் ஆண்டு எகிப்திய அரசு இம்மலைப் பிரதேசத்தைப் பாதுகாக்கப்பட்ட இடமாகப் பிரகடனம் செய்தது. 2002 ஆம் ஆண்டு யுனெஸ்கோ நிறுவனம் இதனை உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. அரிய செடிகளைச் சுற்றி வேலிகள் அமைக்கப்பட்டன. உள்ளூர் பதூயின் அறபிகளே காவலர்களாக நியமிக்கப்பட்டனர். பாராட்டத்தக்க முயற்சிகள் இவை.

எனினும் ஆபத்துகள் ஓயவில்லை. மருந்துக்காகவும் வாசனைக்காகவும் செடிகள் வேரோடு பிடுங்கப்படுகின்றன. கைவிடப்பட்ட கழுதைகள் கூட்டமாக அலைந்து, எந்த உடன்படிக்கைக்கும் கட்டுப்படாமல் மேய்கின்றன. ஆட்டு மந்தைகளே எல்லாவற்றுக்கும் காரணம் என்று முன்னர் சொல்லப்பட்டது. அக்கருத்துக்குப் போதிய ஆதாரம் இல்லையென்றும், மந்தைகள் ஏற்கெனவே பெரிதும் குறைந்துவிட்டனவென்றும் பின்னைய ஆய்வாளர் சிலர் எடுத்துக்காட்டினர். குற்றத்தை ஏழை மேய்ப்பவர்மீது சுமத்துவது எளிது. வரட்சியையும் வெப்பத்தையும் விசாரிப்பது கடினம்.

பாதை செப்பனிடப்பட்டதும் உல்லாசப் பயணிகள் பெருகினர். விருந்தினருக்காக நீர் அதிகம் இறைக்கப்படும்போது, நாம் கண்ட அந்த நிலத்தடித் தேக்கங்களின் மட்டம் இறங்குகின்றது. 2021 முதல் மலையடிவாரத்தில் ஹோட்டல்களும் தங்குமனைகளும் அடங்கிய பாரிய நிர்மாணத் திட்டமொன்று முன்னெடுக்கப்பட்டது. 2023 ஆம் ஆண்டு யுனெஸ்கோ இதுபற்றிக் கவலை தெரிவித்து, மேலும் கட்டுவதை நிறுத்தி அதன் தாக்கத்தை ஆராயுமாறு எகிப்தைக் கேட்டுக்கொண்டது.

இவை யாவற்றுடனும் இன்னோர் இழப்பும் சேர்ந்துள்ளது. இளைஞர் பலர் தோட்டத்தையும் மந்தையையும் விட்டு, கடற்கரை நகரங்களில் கூலி தேடிச் செல்கின்றனர். அவர்களைக் குறைகூற முடியாது. வரண்ட கிணறு குடும்பத்துக்குச் சோறு போடாது. ஆனால் மதில் இடிந்தால் அடுத்த வெள்ளத்தில் மண் கரைந்தோடும். கிளை ஒட்டத் தெரிந்த முதியவர் மறைந்தால் அவர் அறிந்த கலையும் மறையும். எந்த மாதத்தில் எந்தச் சரிவுக்கு ஆட்டைக் கொண்டு செல்லலாகாது என்பதை அறிந்த மூதாட்டி மௌனமானால், ஹில்ஃப் வெறும் சொல்லாகவே எஞ்சும்.

பெற்றோருக்கும் இளைஞருக்கும்

அன்பின் பெற்றோர்களே! மலையின் வாழ்வை நூல்களும் வேலிகளும் மட்டும் காக்கவில்லை. கண்முன் கிடைப்பதையெல்லாம் எடுத்துக்கொள்ளாமல், நாளைக்கும் அயலவருக்கும் விட்டுவைக்கும் பண்பே அதனைக் காத்தது. அப்பண்பு பிள்ளைகளுக்குத் தானாக வந்துவிடாது. ஆட்டின் கயிற்றைப் பிடித்துத் தாயின் பின்னே நடந்த சிறுமி, தாய் எங்கே நின்றாள், எங்கே திரும்பினாள் என்பதைப் பார்த்தே கற்றுக்கொண்டாள். வுழூச் செய்யும்போது குழாயை எவ்வளவு திறக்கிறோம், தட்டில் எவ்வளவு உணவை மிச்சம் வைக்கிறோம், பிறருக்கும் பங்குள்ள கிணற்றையும் நிலத்தையும் எவ்வாறு பயன்படுத்துகிறோம் என்பதை நமது பிள்ளைகளும் நாள்தோறும் பார்த்துக்கொண்டுதான் இருக்கின்றனர்.

அருமை இளைஞர்களே! தாவரவியல், விலங்கியல், நிலவியல், நீரியல் ஆகிய துறைகளை உலகக் கல்வி என்று கூறி ஒதுக்கிவிடாதீர்கள். பாறையின் கரிய கோட்டில் நீர் இருப்பதை அறிவதும், ஒரு பூச்சி எச்செடியை நம்பி வாழ்கிறது என்பதைக் கண்டறிவதும் படைத்தவனின் வல்லமையை அறியும் வழிகளே. பூமியில் மனிதன் கலீஃபாவாக ஆக்கப்பட்டுள்ளான் என்று நாம் அடிக்கடி கூறுகின்றோம். தன் பொறுப்பில் விடப்பட்டவற்றை அறியாதவன் அவற்றுக்கு எவ்வாறு பொறுப்புக் கூறுவான்?

தூர் ஸீனாய் வரலாற்றில் மாத்திரம் வாழும் மலையன்று. இன்றும் அதன் நிழற்பிளவுகளில் பனி உருகித் துளி துளியாகக் கசிகின்றது. அத்துளியை நம்பி ஒரு மஞ்சட் பூ விரிகின்றது. அந்தப் பூவும் அதனைக் காத்து நின்ற மனிதர்களின் அறிவும் நமது பேரப்பிள்ளைகளின் காலத்திலும் இருக்குமா என்பது, இன்றைய மனிதர் எவ்வளவு எடுத்து எவ்வளவு விட்டுவைக்கின்றனர் என்பதிலேயே தங்கியுள்ளது.

தன் படைப்புகளைச் சிந்திக்கும் உள்ளத்தையும், ஒப்படைக்கப்பட்ட அமானத்தை அளவு மீறாது பேணும் பண்பையும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.